நைட் டூட்டிக்காரர்களுக்குச் சோறு போடும் வேப்பமரத்து வீடு

கோவை பீளமேட்டில், ஹோப் காலேஜுக்கு இந்தப் பக்கம், அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்து ஒன்றில் இருக்கிறது இந்தக் கடை. பேர்ப்பலகை கிடையாது. வீட்டுத் திண்ணையைத் தகரக் கூரை போட்டு இழுத்து நாலு பெஞ்சு போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். வாசலில் ஒரு வேப்பமரம். அதனடியில் எந்நேரமும் ஏழெட்டு ஸ்கூட்டி நிற்கும், பாதிக்கு மேல் ஆஸ்பத்திரி ஸ்டிக்கர் ஒட்டியவை. அக்கம்பக்கத்தில் கேட்டால், "சிஸ்டருங்க உண்ணற கடைங்களா? அந்த வேப்பமரத்து ஊடுங்கொ" என்று கை காட்டுவார்கள். இரண்டு வருடமாக அங்கே சாப்பிடுகிறேன். கணக்கு நோட்டில் மூன்றாம் பக்கம் என்னுடையது.

எனக்கு 41 வயது. ஐசியூவில் ஸ்டாஃப் நர்ஸ், பதினேழு வருடமாக. மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நைட் வரும். ராத்திரி ஏழரைக்கு முந்தின ஷிஃப்டிடம் ஹேண்டோவர் வாங்கினால் காலை ஏழரைக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்து முடித்து, எழுதி முடித்து, செருப்பை மாற்றும்போது எட்டு ஆகிவிடும். சாப்பாட்டு நேரம் என்று ஒரு அரை மணி காகிதத்தில் உண்டு. வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு ஆளுக்கு ஒரு நர்ஸ் என்பதுதான் விதி. இரண்டு பேரை ஒருத்தியே பார்க்கும் ராத்திரியில் அந்த அரை மணி எங்கே இருந்து வரும்? ஐந்து நிமிடம் இங்கே, ஏழு நிமிடம் அங்கே என்று கிழித்துக் கிழித்து எடுப்பதுதான்.

இந்தக் கடைக்கு முன்னால் என் ராத்திரிச் சாப்பாடு எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் பிள்ளைக்கு டிபன் செய்து கொடுத்துவிட்டு எனக்கு நேரமில்லாமல் ஓடுவேன். பதினோரு மணிக்குக் கேன்டீனில் புரோட்டா, குருமா. ஒரு மணிக்கு டீ. மூன்று மணிக்கு டீயும் பப்ஸும். அதற்கும் நடுவில் நர்ஸ்கள் உட்காரும் ஸ்டேஷன் மேசையின் டிராயர். டிஸ்சார்ஜ் ஆகும் நோயாளியின் வீட்டார் அன்பாகக் கொடுத்துவிட்டுப் போகும் மைசூர்பாகும் மிக்சரும் அதில் எப்போதும் இருக்கும். யாரும் பசித்து அதை எடுப்பதில்லை. பெட் நம்பர் நாலில் பிரஷர் இறங்கி, டாக்டர் வந்து, மருந்து ஏற்றி, நிலைமை சரியானதும் கை தானாக அந்த டிராயருக்குப் போகும். பதற்றத்தில் சுரக்கும் கார்ட்டிசால் இனிப்பையும் கொழுப்பையும் கேட்கும் என்று நான் முதல் வருடப் பாடத்தில் படித்திருக்கிறேன். படித்தவள் கைதான் டிராயரைத் திறந்தது. நாலு வருடத்தில் பதினோரு கிலோ ஏறினேன். எடை ஏறிக்கொண்டே போனது, ரத்தம் இறங்கிக்கொண்டே போனது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு அக்டோபர் ராத்திரி, மூன்றரை மணிக்கு, நோயாளியின் சளியை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் செய்துகொண்டிருக்கும்போதே கண் இருட்டிவிட்டது. பக்கத்து பெட் சிஸ்டர் பிடித்துக்கொண்டாள். இல்லாவிட்டால் டிராலி மேல் விழுந்திருப்பேன். என்னையே ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து பிபி பார்த்தார்கள், 90/60. மறுநாள் ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 8.7. மத்தியானம் ஒரு மணிக்குப் பிறகு என் வயிற்றில் போனது நாலு டீயும் ஆறு பிஸ்கட்டும் என்று டாக்டரிடம் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் திட்டவில்லை. அவரும் அன்று காலை முதல் சாப்பிடவில்லை என்றார். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில், 15 வயது முதல் 49 வரை, நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. அந்த 53-இல் ரத்தப் பையை மற்றவருக்கு ஏற்றிவிடும் கைகளும் சேர்த்திதான்.

என்னைப் பிடித்த அந்தச் சிஸ்டர்தான் அடுத்த நைட்டுக்கு முன்னால் என்னை இந்த வேப்பமரத்துக்குக் கூட்டிப் போனாள்.

கடையை நடத்துவது அறுபது தாண்டிய ஒரு அம்மா, அவர் மகன், மருமகள். நாங்கள் எல்லோரும் அந்த அம்மாவை அம்மாயி என்றுதான் கூப்பிடுவோம். காங்கேயம் பக்கத்துக் காட்டிலிருந்து வந்தவர்கள். அம்மாயியின் வீட்டுக்காரர் முடியாமல் கிடந்தபோது இவர் இருபத்திரண்டு நாள் ஒரு ஐசியூ வாசலில் பாய் விரித்துக் கிடந்தாராம். "வயசுப் புள்ளைக கண்ணு, நின்னுக்கிட்டே பிஸ்கோத்தத் தின்னுபோட்டு ஓடுதுக. எங்கூட்டுக்காரரு போயிட்டாரு, அது விதி. ஆனா அவரப் பாத்த புள்ளைகளுக்கு ஒரு வாய் சோறு போடோணும்னு அன்னிக்கே நெனச்சுட்டேன்" என்று ஒரு நாள் சொன்னார். அந்த இருபத்திரண்டு நாளும் அவர் எங்களைக் கவனித்திருக்கிறார். அதனால்தான் இந்தக் கடைச் சாப்பாடு வேறு மாதிரி இருக்கிறது.

மூன்று வேளை இருக்கிறது. சாயங்காலம் ஆறிலிருந்து ஏழேகால் வரை உட்கார்ந்து சாப்பிடும் சோறு. கையில் கொண்டுபோகும் நடுச்சாம டப்பா. காலை ஏழே முக்காலிலிருந்து ஒன்பதரை வரை கூழ்.

சாயங்காலச் சோறுதான் முக்கியமான வேளை. வாரத்தில் மூன்று நாள் அரிசியும் பருப்பும். நம்ம ஊர்ப் பக்கம் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: சின்ன வெங்காயமும் பூண்டும் தட்டிப் போட்டு, சீரகம், மிளகு, கறிவேப்பிலை தாளித்து, துவரம்பருப்பையும் அரிசியையும் ஒன்றாக வேகவைத்து இறக்குவது. சாம்பார் சாதம் இல்லை, பொங்கலும் இல்லை. அம்மாயி அதில் பருப்பைக் கொஞ்சம் கூடவே போடுகிறார். கரண்டியில் எடுத்தால் குழையாமல், உதிராமல், மெதுவாகச் சரிந்து விழும். மேலே கடலெண்ணெய் ஒரு சொட்டு, நெய் வேண்டுமென்றால் நெய். தொட்டுக்கொள்ள ஒரு பொரியலும் கெட்டித் தயிரும். மற்ற நாட்களில் சோறும் கொள்ளுக் கடைசலும். கொள்ளு வேகவைத்த தண்ணியை வடித்து அதில் ரசம். கொள்ளில் புரதம் 100 கிராமுக்கு 22 கிராம் பக்கம் இருக்கிறது. நூறு கிராம் யாரும் தின்னப் போவதில்லை, ஆனாலும் அந்தக் கடைசல் இரண்டு கரண்டி உள்ளே போன ராத்திரி பதினோரு மணிக்குப் புரோட்டா ஞாபகமே வருவதில்லை. என் அனுபவம் இது.

பெரிய சாப்பாட்டை டூட்டிக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்பதில் அம்மாயி பிடிவாதமாக இருக்கிறார். "பொழுதோட உண்டுபோட்டுப் போ. சாமத்துல வயித்த நெப்பாதே" என்பார். அவர் சொல்வது வீட்டு ஞானம். நான் படித்ததும் அதைத்தான் சொல்கிறது. பகலில் சாப்பிடும் அதே சோற்றை நடுராத்திரியில் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக ஏறும், இறங்க நேரமும் பிடிக்கும். நாம் விழித்திருந்தாலும் கணையம் ராத்திரி என்றே கணக்கு வைத்திருக்கும். உடம்புக்குள் ஓடும் இந்தக் கடிகாரத்தின் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தவர்களுக்குத்தான் 2017-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. நைட் ஷிஃப்ட் வேலை புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று 2007-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியது. 2019-இல் திரும்பப் பார்த்து அதையே உறுதி செய்தது. இதையெல்லாம் படித்துப் பயந்து என்ன பிரயோசனம், நைட் டூட்டி பார்க்க யாராவது ஒருத்தர் வேண்டும்தானே. என் கையில் இருப்பது எதை எப்போது சாப்பிடுகிறேன் என்பது மட்டும்தான். அதற்கும் யாராவது சமைத்து வைத்தால்தான் முடிகிறது.

இனி டப்பா. நான் இதை எழுத உட்கார்ந்ததே இந்த டப்பாவுக்காகத்தான்.

உள்ளங்கை அகல எவர்சில்வர் டப்பா, கிளிப் மூடி. உள்ளே ஒரு பக்கம் சுண்டல். ஒரு நாள் பச்சைப்பயறு, ஒரு நாள் தட்டைப்பயறு, ஒரு நாள் வேகவைத்த நிலக்கடலை. இன்னொரு பக்கம் வேகவைத்த முட்டை, உரித்து, இரண்டாக வெட்டி. முட்டை வேண்டாதவர்களுக்குக் கொஞ்சம் வறுத்த எள்ளும் பொட்டுக்கடலையும் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையில் பிடித்த ஒரு சின்ன உருண்டை. கூடவே ஒரு பூவன் பழம், துண்டு வெள்ளரிக்காய் அல்லது கேரட். மூடிக்குள் ஒரு சின்ன ஸ்பூன் செருகியிருக்கும்.

பார்க்க ஒன்றுமில்லாத பொருள். ஆனால் நீங்கள் ஐசியூவில் சாப்பிட்டுப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் காரணம் இருப்பது தெரியும். ஆறினாலும் சாப்பிடலாம். பாதியில் மூடி வைத்துவிட்டு அலாரத்துக்கு ஓடி, முக்கால் மணி கழித்து வந்து மிச்சத்தைத் தின்னலாம். சிந்தாது. குழம்பு கிடையாது, அதனால் யூனிஃபார்மில் கறை இல்லை. பூண்டு வாசம் கிடையாது, அதனால் நோயாளி பக்கத்தில் குனியும்போது கூச்சம் இல்லை. ஸ்பூன் இருப்பதால் பத்தாவது தடவை கை கழுவி வெடித்துப்போன விரலில் மிளகாய்த்தூள் எரியாது. இதை எந்த டயட்டீஷியனும் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை. ஐசியூ வாசலில் இருபத்திரண்டு நாள் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

போன ஆடி மாதத்தில் ஒரு ராத்திரி. பத்தொன்பது வயசுப் பையன், பைக் விபத்து. ஒரு மணிக்குத் தொடங்கி இரண்டே முக்கால் வரை மாறி மாறி நெஞ்சை அழுத்தினோம். கிடைக்கவில்லை. அவன் அம்மாவிடம் சொல்லி, உடம்பைத் துடைத்து, பேப்பர் எல்லாம் முடித்து, மற்ற பெட்டைப் பார்த்து, நான் உட்காரும்போது மணி நாலரை. முன்பெல்லாம் இப்படிப்பட்ட ராத்திரியில் ஒன்று, எதுவும் இறங்காது. இல்லையென்றால் டிராயரில் இருப்பதை எல்லாம் தின்றுவிட்டு வீட்டுக்குப் போய் வாந்தி எடுப்பேன். அன்று டப்பாவைத் திறந்தேன். தட்டைப்பயறு. ஒவ்வொரு பயறாக ஸ்பூனில் எடுத்துத் தின்றேன். ஜூனியர் பிள்ளை எதிரில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள், அவளுக்கு முதல் மரணம். முட்டையில் ஒரு பாதியை அவளுக்குக் கொடுத்தேன். வாங்கித் தின்றாள். காலையில் வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். அந்தப் பையன் முகம் போகவில்லைதான், ஆனால் தூங்கினேன்.

இந்த வேலைச் சோர்வுக்கு 'பர்ன் அவுட்' என்று பேர் வைத்து 2019-இல் உலக சுகாதார அமைப்பு தன் பட்டியலில், வேலையிடத்தால் வரும் நிலை என்று சேர்த்தது. நோய் என்று சொல்லவில்லை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் இதைப்பற்றி வகுப்பு எடுத்தார்கள். நைட் முடித்த எங்களை வெறும் வயிற்றோடு ஒன்பதரை வரை உட்கார வைத்து எடுத்தார்கள். மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் நாங்கள் கேட்டது ராத்திரி ஒரு மணிக்குத் திறந்திருக்கும் ஒரு அடுப்பையும், சாப்பிடும் பத்து நிமிடத்துக்கு என் பெட்டைப் பார்க்க ஒரு ஆளையும். இரண்டையும் எழுதிக் கொடுத்தோம். பதில் வரவில்லை.

காலைக் கூழ். டூட்டி முடித்து வெயில் கண்ணில் குத்த வேப்பமரத்தடிக்கு வந்து நின்றால் அம்மாயி அகலமான பானை முன்னால் உட்கார்ந்திருப்பார். முந்தின நாள் காய்ச்சிய கம்பஞ்சோற்றை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டிருப்பார். உருண்டையை எடுத்து, கையாலேயே மோரில் கரைப்பார். விரலுக்கிடையில் அது சாம்பல் நிறத்தில் பிதுங்கும். கட்டி ஒவ்வொன்றாக நசுக்கி, உப்புப் போட்டு, சின்ன வெங்காயத்தை நறுக்கித் தூவி ஒரு சொம்பில் ஊற்றிக் கொடுப்பார். புளிப்பு நாக்கில் பட்டதும் பன்னிரண்டு மணி நேர ஏசிக் குளிர் உடம்பை விட்டு இறங்கும். கம்பில் அரிசியைவிடப் பல மடங்கு இரும்புச்சத்து. புளித்தால் உடம்பில் சேருவதும் எளிது. மழைக்காலத்தில் கம்புக்குப் பதில் சூடாக ராகிக் கூழ். சனிக்கிழமை மட்டும் சந்தகையும் (இடியாப்பம் மாதிரி) தேங்காய்ப்பாலும். அது ஆசைக்கு.

ஒரு விஷயத்தில் இந்தக் கடை என்னை மாற்றியது: டீ. கூழோடு டீ கேட்டால் அம்மாயியின் மகன், அந்தத் தம்பி, கொடுக்க மாட்டார். முதலில் எனக்குக் கோபம் வந்தது. "அக்கா, ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிங்கக்கா, நீங்கதான் எங்கம்மாவுக்குச் சொல்லிக் குடுத்தீங்கொ" என்றார். உண்மைதான். 2024-இல் வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) உணவு வழிகாட்டியில் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ, காபி கூடாது, இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது என்று இருப்பதை அம்மாயிக்கு நான்தான் படித்துக் காட்டியிருந்தேன். வீட்டுக்குப் போய்த் தூங்கப் போகிறவளுக்கு எட்டு மணி டீ தேவையும் இல்லை.

என் ஹீமோகுளோபின் இப்போது 11.6. கூழ் குடித்தே ஏறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்வது தப்பு. நாலு மாதம் இரும்பு மாத்திரை எடுத்தேன். உங்களுக்கும் ரத்தம் குறைவென்றால் மாத்திரையை விட்டுவிட்டுக் கூழை நம்பாதீர்கள். எடை ஆறு கிலோ இறங்கியிருக்கிறது.

குறைகளும் உண்டு. போன மே மாதத்தில் தேங்காய் போட்ட பயறுச் சுண்டல் ஒரு நாள் சாமத்தில் கெட்டுப்போயிருந்தது. மூடியைத் திறந்ததுமே வாசம் அடித்தது. மூன்று பேருக்கு அப்படி. காலையில் போய்ச் சொன்னோம். அம்மாயி முகம் செத்துப்போய்விட்டது. அன்றிலிருந்து சித்திரை, வைகாசியில் சுண்டலுக்குத் தேங்காய் கிடையாது, எலுமிச்சை மட்டும். ஆனாலும் சொல்கிறேன், வெயில் காலத்தில் டப்பாவை ஸ்டாஃப் ரூம் ஃபிரிட்ஜில் வையுங்கள். ரசத்திலும் மோர் மிளகாயிலும் உப்பு கூடுதல். ஒரு நாளைக்கு ஐந்து கிராம்தான் கணக்கு, இங்கே இரண்டு மோர் மிளகாயிலேயே பாதி போய்விடும்போல இருக்கும். பிபி உள்ளவர்கள் கேட்டால் உப்புக் குறைத்துத் தருகிறார்கள், கேட்காவிட்டால் இல்லை. ஏழு மணிக்கு மேல் போனால் பெஞ்சில் இடம் இருக்காது, நின்று சாப்பிட வேண்டியதுதான். காய்ப் பொரியல் அளவு போதவில்லை, சிங்காநல்லூர் உழவர் சந்தையில் விலை ஏறும் வாரங்களில் இன்னும் சுருங்கும். ஞாயிறு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை நைட்தான் கேன்டீனிலும் ஒன்றும் இருக்காது, அதனால் இந்தக் குறை எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. அம்மாயியிடம் கேட்டேன். "எனக்கும் ஒரு நா ஒடம்பு கெடையோணுமல்ல கண்ணு" என்றார். அதற்குமேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

விலை: சாயங்காலச் சோறு 60 ரூபாய், டப்பா 35, கூழ் 25. பதினோரு நைட்டுக்கு எனக்கு மாதம் 1,320 ஆகிறது. கேன்டீனுக்கும் டீக்கும் பப்ஸுக்கும் முன்பு இதைவிட அதிகமாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். முன்பணம் வாங்குவதில்லை. நோட்டில் எழுதிக்கொள்வார்கள், சம்பளம் வந்ததும் கொடுத்தால் போதும். வார்டு பாய், துப்புரவுப் பணியாளர், ஆம்புலன்ஸ் டிரைவர் எல்லோருக்கும் அதே நோட்டு, அதே பெஞ்சு. பதினைந்து டப்பாவுக்கு மேல் சொன்னால் தம்பி ஒன்பதரைக்குள் ஆஸ்பத்திரி கேட்டில் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். வார்டுக்குள் வர முடியாது, ஒருத்தர் இறங்கி வாங்கிக்கொள்ள வேண்டும். நைட் லிஸ்ட் மாறினால் மத்தியானம் இரண்டு மணிக்குள் சொல்லிவிடுங்கள். அதற்கப்புறம் பயறு ஊறிவிடும்.

அன்று அழுத அந்த ஜூனியர் பிள்ளைக்கு ஊர் நாகர்கோவில், இங்கே ஹாஸ்டல். அடுத்த வாரமே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாயி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது என்ன கண்ணு, காத்தடிச்சா பறந்துரும் போல இருக்குது" என்று சொல்லி, கேட்காமலேயே இன்னொரு கரண்டி அரிசியும் பருப்பும் வைத்தார். இப்போது நாற்பத்தோராம் பக்கம் அவளுடையது.

கடைசியாக, அங்கே டப்பா வாங்குகிற எல்லா சிஸ்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எங்கள் வார்டு அலமாரியைப் போன வாரம் ஒதுக்கினோம். பதினாலு டப்பா கிடைத்தது, ஒன்பது ஸ்பூன். அம்மாயி வாய் திறந்து கேட்க மாட்டார், புதிதாக வாங்கிக்கொள்வார். உங்கள் வார்டிலும் பாருங்கள். இருந்தால் கழுவி, காலையில் கூழுக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போங்கள்.